அசையாதீங்க, இன்னும் ஒண்ணு

வண்டிப் படம் எடுக்கிற இளைஞர்களே, உங்களில் ஒரு தம்பி போன வாரம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தேர்வாய் கண்டிகைப் பக்கம் நடந்த ஒரு ஜீப் கண்காட்சியில் தான் எடுத்த படங்களை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். சேற்றைக் கிழித்துக்கொண்டு ஏறுகிற வண்டி, பாறைமேல் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வண்டி. நன்றாகத்தான் இருந்தன. "இந்த ஒரு வண்டியை மட்டும் எத்தனை எடுத்தீங்க?" என்று கேட்டேன். "எண்ணலையே சார்" என்றார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். ஃபிலிமை எண்ணி எண்ணிச் செலவழித்தே தலை நரைத்தவன் நான்.

கிளம்பும்போது அந்தத் தம்பி, "இந்தத் தொழில்ல முக்கியமா தெரிஞ்சிக்க வேண்டியது இன்னா சார்?" என்றார். வெளிச்சம், கோணம் என்று ஏதோ உளறி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். உண்மையான பதிலை நேரில் சொல்ல எனக்கு வராது. கிழவன் கண் கலங்கினால் எதிரே இருப்பவருக்கும் சங்கடம். ஆகவே எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் ஒரு மோட்டார் மாதப் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பொன்னேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருப்பு. கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போகிற அறிகுறியும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரட்டைக் கண் காமிரா ஒன்று, அதற்கு ஒரு மூன்று கால் ஸ்டாண்டு. என் குடும்பம் அவ்வளவுதான்.

பொன்னேரிக்கு வரும் வழியில் யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே மோட்டார் பந்தயம் நடக்கும். அதே நாளில் ஓர் ஓரமாக ஜீப்காரர்களும் கூடுவார்கள். பட்டாளத்தில் கழித்துக்கட்டிய ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து, அவரவர் மனம் போன போக்கில் மாற்றிக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒருவர் பின்னால் டிராக்டர் டயர் மாட்டியிருப்பார். உப்பளத்துக் காண்டிராக்டர் சேற்றில் புதையாமல் இருக்க இரட்டைச் சக்கரம் போட்டிருப்பார். மலைத்தோட்டக்காரர்கள் முன் பம்பரில் இரும்புக் கயிறு சுற்றிய உருளை வைத்திருப்பார்கள். பள்ளத்தில் விழுந்தால் கயிற்றை மரத்தில் கட்டி வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ளுமாம். 'மாடிஃபைட்' என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் பக்கம் புழங்கவில்லை. 'ஏத்திக் கட்டின வண்டி' என்போம்.

எங்கள் பத்திரிகையில் ஒரு சட்டம் உண்டு. படத்தில் வண்டி மட்டும் இருக்க வேண்டும், ஆள் இருக்கக் கூடாது. கண்ணை உறுத்துகிற எதுவும் இருக்கக் கூடாது. விளக்குக் கரியை மண்ணெண்ணெயில் குழைத்து ஒரு டப்பாவில் வைத்திருப்பேன். டயருக்கு அதைப் பூசினால் புத்தம் புதிதாகத் தெரியும். வண்டிக்கு அடியில் ஏதாவது பளபளத்து வெயிலைத் திருப்பி அடித்தால் அதன்மேலும் ஓர் இழுப்பு இழுத்துவிடுவேன். ஒரு தடவை பம்பரில் தொங்கிய எலுமிச்சம்பழச் சரத்தை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டேன். அந்த டிரைவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "எலுமிச்சம்பயத்த கட்டிட்டு அப்பாலிக்கா உன் பொட்டிய தொடு. என் வண்டிக்கி எதுனா ஆச்சி, உன்னத்தான் டயருக்கு அடியில வெப்பேன்" என்றான். பழத்தோடுதான் படம் எடுத்தேன். பத்திரிகை ஆசிரியர் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

இப்படி, "கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்று எல்லாரையும் விரட்டி விரட்டி, கடைசியில் அந்தப் பக்கம் ஒரு வண்டி, இந்தப் பக்கம் நான் என்று ஆகிவிடும். கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவனைக்கூடக் கடைசிப் பந்தியிலாவது கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். மோட்டார் கண்காட்சியில் அவரவர் குடும்பம், அவரவர் ஜமக்காளம், அவரவர் சாப்பாட்டு அடுக்கு. போட்டோக்காரன் என்று ஒருவன் இருப்பது படம் எடுக்கும்போதுதான் அவர்களுக்கு நினைவு வரும். நான் பந்தல் காலில் சாய்ந்து, பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டுக் காகிதத்தைக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். இதில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

நான் சொல்ல வந்த வருஷம், கண்காட்சிக்குப் போன காலையிலேயே ஒரு குரல் கேட்டது. "இன்னா சார், நாஷ்டா துன்னியா?"

திரும்பிப் பார்த்தேன். காக்கிச் சட்டை டிரைவர் ஒருவன், ஜீப்பின் நிழலில் குந்தியபடி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும். பெயர் தேசிங்கு. பழவேற்காடு ஏரியோரத்துக் குப்பம். "எங்க ஆளுங்க அத்தினி பேரும் தண்ணில வலை வீசிக்கினு கீறாங்க. நான் ஒர்த்தன்தான் கரையில ஸ்டீரிங்க புட்ச்சிக்கினு திரியறேன். வா சார், குந்து" என்றான். பாதியை எனக்குத் தள்ளினான். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. அத்தனை வருஷத்தில் ஒரு கண்காட்சியில் என்னை உட்கார்ந்து தின்னச் சொன்ன ஒரே மனிதன் அவன்தான்.

அவனுடைய முதலாளிக்குப் பொன்னேரிப் பக்கம் அரிசி மில். கும்மிடிப்பூண்டி ரோட்டில் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி ஒன்றும் கட்டிக்கொண்டிருந்தார். "ஃபவுண்டரி ஆரம்பிச்சதும் என்னிய பர்மனெண்ட் பண்றேன்னு சொல்லிக்கீறாரு சார். பி.எஃப்., போனஸ் அல்லாம் உண்டாம். ஆனா இன்னிக்கி கப்பு அட்ச்சிக்கினு வரணுமாம்" என்று சிரித்தான்.

கப்பு என்றால் மேடு ஏறுகிற போட்டியின் கோப்பை. ஓடுதளத்தின் ஓரத்தில் செம்மண்ணைக் கொட்டி ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேடு போட்டிருந்தார்கள். ஏறுகிற பக்கமே செங்குத்து. இறங்குகிற பக்கம் அதைவிட மோசம். இறங்கியதும் வலது பக்கம் சட்டென்று ஒடித்துத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் நேர் எதிரே, அந்த மண்ணை வெட்டியெடுத்த பள்ளம். அதில் மழைத்தண்ணீர் ஆழமாக நின்றது.

முதலாளியின் ஜீப்புதான் அன்றைக்கு அங்கே இருந்ததிலேயே உயரம். நின்ற வண்டிகளுக்கு நடுவே கோயில் யானை மாதிரி நின்றது. அதை எடுக்கும்போது என்னிடம் இருந்தது கடைசி ரோலின் கடைசிப் படங்கள். பக்கவாட்டில் எடுத்தேன், பின்னால் எடுத்தேன். கடைசியாக முன்பக்கம்.

முன்பக்கம் எடுக்கும்போது நாம் எல்லாரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. நீங்களும் செய்கிறீர்கள். காமிராவைத் தரையோடு தரையாக இறக்கி வைத்துக்கொண்டு, டிரைவரை ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொல்வோம். சக்கரத்தின் முகம் நம் பக்கம் திரும்பினால்தான் வண்டிக்கு ஒரு நிற்கிற தோரணை வரும். குனிந்து பார்த்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் தள்ளுகிற இரும்பு ராடு ஒன்று முன்னால் குறுக்கே போகும் அல்லவா, அதன் நடுவில் பற்றவைத்த இடம் ஒன்று வெயிலில் கண்ணைக் குத்தியது. வண்டியை உயர்த்தியதில் ராடு எட்டவில்லை போலும், வெட்டி நடுவில் ஒரு துண்டு சேர்த்திருந்தார்கள். கரித் துணியால் அதன்மேல் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "ஒடி தேசிங்கு" என்றேன்.

காமிராவின் தலையில் இருக்கிற கண்ணாடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சக்கரம் திரும்பியது. நான் பூசின கறுப்பில் வெள்ளையாக ஒரு நூல் ஓடியது. "நேரா வுடு" என்றேன். நூல் மறைந்தது. "மறுபடி ஒடி." நூல் வந்தது. கை தன்பாட்டுக்குப் பொத்தானை அழுத்திவிட்டது. அதோடு ரோல் தீர்ந்தது. ஃபிலிமைச் சுற்றி எடுத்துப் பையில் போட்டேன். கறுப்பு பூசாமல் இருந்திருந்தால் அந்த விரிசல் என் கண்ணில் பட்டிருக்காது. காலையில் வண்டிகளைச் சோதித்தவர்களும் பார்த்துத்தான் விட்டிருக்கிறார்கள். ஆனால் யாரும் ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொல்லிவிட்டு முன்னால் குனிந்து பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கிற பைத்தியம் நாம் மட்டும்தான்.

தேசிங்கைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் அதிர்ந்துபோவான் என்று நினைத்தேன். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கம்முனு இரு சார். எனக்குத் தெரியும்" என்றான்.

"இன்னா தெரியும்? விட்டுப்போச்சுன்னா நீ பள்ளத்துல இருப்பே!"

"சார், ஒசரம் ஏத்து ஒசரம் ஏத்துன்னு மொதலாளிதான் சொன்னாரு. புது ராடு கெடைக்கல. நான்தான் தச்சூர் கூட்டுரோட்டு வெல்டிங் கடையில துண்டு போட்டுக்கினு வந்தேன். வர்ற வயில ஒரு பள்ளத்துல எறக்கிட்டேன், அப்பவே ஸ்டீரிங்கு கொஞ்சம் லொடலொடன்னுச்சி. இப்ப போயி சொன்னா, உதவாக்கர, வண்டிய கெட்த்துட்டான்னு அனுப்சிடுவாரு. பர்மனெண்ட்டும் பூடும், இந்த வேலையும் பூடும். ஒர்தபா ஏறி எறங்கறதுக்கு தாங்கும் சார். சாய்ங்காலம் கயட்டி கடாசிட்றேன். நான் ஒர்த்தன்தான போறேன்."

அவன் உயிர், அவன் பிழைப்பு. நான் யார்? காலையில் அறிமுகமான போட்டோக்காரன். ஸ்டாண்டை மடக்கிக் கட்டினேன்.

அப்போதுதான் முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, பின்னால் நாலைந்து பேர். பக்கத்தில் அவருடைய பெண், பத்து வயதிருக்கும், ரெட்டைப் பின்னல்.

"தேசிங்கு, பாப்பாவும் வருது. முன் சீட்ல உக்கார வெச்சிக்க. மேட்டு மேல வண்டி நிக்கும்போது பாப்பா எழுந்து கைய ஆட்டணும். ஜனங்க கைதட்டுவாங்க பாரு!" என்றார்.

தேசிங்கின் முகத்தில் ரத்தமே இல்லை. "பாப்பா வேணாங்க மொதலாளி, தூக்கிப் போடும்" என்றான்.

"நீ ஓட்டறப்ப இன்னாடா தூக்கிப் போடும்? பயப்படாத கண்ணு."

"எனக்கு ஒண்ணும் பயம் இல்ல நைனா" என்றது அந்தப் பெண்.

தேசிங்கு முதலாளியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் சுமந்துகொண்டிருக்கிறேன். சொல்லச் சொல்கிறானா, சொல்லாதே என்கிறானா, தெரியவில்லை. இரண்டும்தான் இருந்திருக்கும்.

ஒலிபெருக்கியில் அடுத்த வண்டிகளைத் தயாராகச் சொன்னார்கள். தேசிங்கு ஏறி இன்ஜினைக் கிளப்பினான். முதலாளியிடம் போட்டு உடைக்கலாம். கூட்டத்துக்கு நடுவே தேசிங்கைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார். இல்லையென்றால், சோதனையில் பாஸான வண்டியைப் பற்றிப் போட்டோக்காரனுக்கு என்ன தெரியும் என்று என்னைத் தள்ளிவிட்டு, வீம்புக்காகவே பெண்ணை ஏற்றி அனுப்புவார். அவர் இரண்டாவதைச் செய்யக்கூடிய ஆள் என்று எனக்குப் பட்டது. என் பேச்சுக்கு அந்த மைதானத்தில் என்ன மரியாதை? ஒரே ஒரு சொல்லுக்குத்தான் மரியாதை. அதைச் சொன்னேன்.

"முதலாளி, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க! அட்டைப்படம் மாதிரி இருக்கு."

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பத்திரிகைச் சட்டப்படி ஆள் தலையே தெரியக் கூடாது. அட்டையில் எதைப் போடுவது என்று தீர்மானிக்கிற உரிமை எனக்குக் கடுகளவும் கிடையாது. காமிராவில் ஃபிலிமும் கிடையாது. ஆனாலும் ஸ்டாண்டை விரித்தேன். "பாப்பா, பானெட் மேல ஏறி உட்காரும்மா. முதலாளி, ஒரு காலைத் தூக்கி பம்பர்ல வைங்க. தேசிங்கு, நீ இறங்கு, இன்ஜினை அணைச்சிட்டு இறங்கு." கிளிக். "இன்னும் ஒண்ணு." கிளிக். "கண்ணாடியைக் கழட்டுங்க. இன்னும் ஒண்ணு."

முதலாளி வண்டியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். "இரு இரு, போட்டோ எடுக்கறாங்க" என்று முதலாளியே கையைக் காட்டி அடுத்த வண்டியை அனுப்பச் சொன்னார். நான் மேகத்தைக் காட்டினேன். மேகம் விலகட்டும் என்றேன். விலகியதும் வெயில் அதிகம் என்றேன். நம்பர் பிளேட்டைத் துடைத்தேன். பாப்பாவின் ரிப்பனை மறுபடி கட்டச் சொன்னேன். சக்கரத்துக்கு மறுபடி கறுப்பு பூசினேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "யோவ், பொண்ணு பார்க்கவா படம் எடுக்கறே?" என்று சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். ஊரே பார்க்கப் படம் எடுத்துக்கொள்வதில் அவருக்குச் சலிப்பே வரவில்லை. அதற்குக் கடவுளுக்கு நன்றி.

"அங்கிள், உங்களுக்கு ஏன் இவ்ளோ நேரம் ஆகுது?" என்று பானெட் மேலிருந்து அந்தப் பெண் கேட்டது.

"வயசாயிடுச்சும்மா" என்றேன். எனக்கு அப்போது முப்பதுகூட முடியவில்லை.

போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் ஓடி வந்தார். "சார், கடைசி வண்டி நீங்கதான். இப்ப வரலைன்னா மேட்டை மூடிடுவோம். பைக் ரேஸ் ஆரம்பிக்கணும்" என்றார். முதலாளி பம்பரிலிருந்து காலை எடுத்தார். "போதும்பா. தேசிங்கு, வண்டிய எடு. பாப்பா, ஏறு."

பாப்பா குதித்து இறங்கி முன் சீட்டில் ஏறிவிட்டது. தேசிங்கு ஸ்டீயரிங் பக்கம் போனான். இனிமேல் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன். வந்தது வேறு. ஸ்டாண்டின் கால்களை மடக்க ஆரம்பித்தேன்.

"சரிங்க முதலாளி. உங்க இஷ்டம். மேட்டுல ஏறிட்டு வந்தா வண்டி பூரா செம்மண்ணா ஆயிடும். அதோ அந்த மலைத்தோட்டக்காரர் அப்பவே பிடிச்சு கேட்டுக்கினே இருந்தார், அட்டைக்கு அவர் வண்டியை எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். முதுகுக்குப் பின்னால் இன்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டது. ஒவ்வோர் அடியும் செத்துச் செத்து வைத்தேன்.

"ஏம்பா போட்டோ! இரு, இரு! டேய், ஆஃப் பண்ணுடா."

திரும்பினேன். முதலாளி மறுபடி பம்பரில் காலை வைத்துக்கொண்டு நின்றார். "கப்பு போனா போவுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். கவர்ல வரணும், ஆமா" என்றார். நான் ஸ்டாண்டை விரித்தேன். "அசையாதீங்க. இன்னும் ஒண்ணு." பைக்குகள் கிளம்புகிற சத்தம் காதைக் கிழித்தது. மேட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். கிளிக் என்றது காலிப் பெட்டி. கண்ணில் நீர் முட்டியதில் கண்ணாடியில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

நேரே சொல்லியிருக்கலாமே என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சொல்லியிருக்கலாம்தான். நான் சரியாகச் செய்தேன் என்று இன்றும் அடித்துச் சொல்லமாட்டேன். முதலாளி நின்றிருக்காவிட்டால் அந்த ஜீப்பின் முன்னால் போய் விழுந்திருப்பேனா, அல்லது அப்படியே நடந்துபோயிருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று. நம்மிடம் பணம் இல்லை, பதவி இல்லை, மேடையில் நமக்கு நாற்காலி இல்லை. பெரிய பெரிய மனிதர்களையெல்லாம் ஒரு சொல்லால் நிறுத்திவைக்கிற அதிகாரம் மட்டும் நம்மிடம் இருக்கிறது. அதை அழகான படத்துக்காக மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

சாயங்காலம் முதலாளியும் பெண்ணும் அவர்களுடைய காரில் போனார்கள். கூட்டம் கலைந்தது. ஜீப்பு மட்டும் நின்றது. தேசிங்கு அதற்கு அடியில் படுத்து, ராடுக்கு இரும்புப் பட்டை ஒன்றை அண்டை கொடுத்துக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றேன். என் செருப்பு அவன் கண்ணில் பட்டிருக்கும். கம்பி முறுக்குகிற சத்தம் நின்றது. அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பி முறுக்குகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தேன்.

அட்டைப்படம் வரவில்லை என்று முதலாளி பத்திரிகை ஆபீசுக்கே போய்ச் சத்தம் போட்டார். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "கோப்பையையே கோட்டை விட வெச்சு மணிக்கணக்கா எடுத்தியாமே, எங்கே படம்?" என்றார். ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது என்றேன். போட்டோக்காரன் அதைவிடக் கேவலமாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஃபிலிமே போடாமல் எடுத்தேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் தேசிங்கு போவான். ஆசிரியர் அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளை அனுப்பினார். விஷயம் ஊர் பூராவும் பரவியது. ஜீப்காரர்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர். பொன்னேரி ஸ்டுடியோ ஒன்றில் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனேன்.

வேலை போனதுகூடப் பெரிதில்லை. தேசிங்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் உறுத்தியது. பஸ்ஸில் காக்கிச் சட்டையைப் பார்த்தால் எட்டிப் பார்ப்பேன். பெரியபாளையம் ஆடித் திருவிழாவுக்குப் படமெடுக்கப் போனால் பழவேற்காட்டுக் கூட்டத்தில் தேடுவேன். தேடி என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. என்னைப் பற்றி உண்மை தெரிந்த ஒரே ஒருவன் அவன். அவனுக்கும் தெரியாதோ என்கிற சந்தேகம் வேறு. ராத்திரி அறைக்கு வந்து பூட்டைத் திறக்கிறபோது அதை நினைத்துக்கொள்வேன்.

மூன்று நாலு வருஷம் போயிருக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. ஆட்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க ஸ்டுடியோவிலிருந்து என்னை அனுப்பினார்கள். ஒரு நாள் அந்த முதலாளியின் ஃபவுண்டரி. நல்லவேளையாக அவர் ஊரில் இல்லை. சைக்கிள் ஷெட்டில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் ஸ்டூலைப் போட்டேன். ஒவ்வொருவராக வந்து, பெயர் எழுதிய சிலேட்டை மார்பில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உட்காரு, அசையாதே, கிளிக், அடுத்த ஆள்.

கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்த சிலேட்டைத்தான் முதலில் படித்தேன். தேசிங்கு, டிரைவர்.

கொஞ்சம் சதை போட்டிருந்தான். கிளிக் செய்தேன். ஃபிலிமைச் சுற்றினேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"எந்திரி நைனா, லைனு நிக்கிது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"இருப்பா, எகிறாத" என்றான் தேசிங்கு. பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "இன்னிக்கி சுத்தறியே சார். அன்னிக்கி சுத்தவே இல்லியே."

நான் காமிராவின் பக்கவாட்டில், ஃபிலிமை நகர்த்துகிற திருகைப் பார்த்தேன்.

"காத்தால வண்டிய எடுக்கறப்போ ஒவ்வொரு படத்துக்கும் இத்த சுத்துன. மொதலாளிய எடுக்கறப்போ ஒர்தபா கூட சுத்தல. உன் பொட்டி காலின்னு அப்பவே தெரிஞ்சிப்போச்சி சார்."

அத்தனை பொய் சொன்னவனுக்கு அந்தத் திருகைச் சுற்றுகிற மாதிரி நடிக்கிற புத்தி இல்லாமல் போயிருக்கிறது. "தெரிஞ்சுமா ஒரு வார்த்தை பேசாம போனே?" என்றேன்.

"இன்னான்னு பேசறது? எனக்கு பர்மனெண்ட் ஆச்சி. உனக்கு வேல பூட்ச்சின்னு சொன்னாங்க. உன் ஊட்டு வாசல் வரிக்கும் ரெண்டு மூணு வாட்டி வந்தேன் சார். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கதவ தட்றது? அப்பிடியே திரும்பிப் பூட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "பாப்பா இப்ப ஒம்பதாவது படிக்கிது. நான்தான் தெனமும் ஸ்கூலுக்கு இட்டுக்கினு போறேன்."

வரிசையில் சத்தம் அதிகமாயிற்று. அவன் சிலேட்டைக் கீழே வைத்தான். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இன்னும் ஒண்ணு எடு சார். நான் அசைய மாட்டேன்."

ஸ்டுடியோவில் எண்ணிக் கொடுத்த ஃபிலிம். ஒன்று குறைந்தால் நான் பதில் சொல்ல வேண்டும். எடுத்தேன். அவன் கண்ணை இமைக்கவே இல்லை. சுற்றினேன். அவன் எழுந்து, கும்பிடுகிற மாதிரி ஒரு கையைத் தூக்கிவிட்டு, லாரி ஷெட் பக்கம் போய்விட்டான்.

வரிசை முடிந்து எல்லாரும் உள்ளே போனார்கள். வேட்டியை அவிழ்த்து மடிக்க வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். செய்யவில்லை. போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே ஸ்டாண்டின் மேல் காமிரா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அத்தனை வருஷத்தில் அதற்கு முன்னால் நான் உட்கார்ந்ததே இல்லை. பின்னால் ஆள் இல்லை. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன். ஷிப்டு முடிந்து சங்கு ஊதுகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.